10 நிமிட டெலிவரி வராத நாளில் என்ன சாப்பிடுவீர்கள்? வீட்டு உணவு இருப்பும் 'சாட்' கடைகளும்: ஒரு விளக்கம்

2020 மார்ச் 24, இரவு 8 மணி. அந்த நேரத்தில் எங்கே இருந்தீர்கள் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

அன்று நள்ளிரவு முதல் 21 நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் மோடி தொலைக்காட்சியில் அறிவித்தார். சில நிமிடங்களில் பல ஊர்களில் மளிகைக் கடை வாசல்கள் நிறைந்துவிட்டன. அத்தியாவசியப் பொருட்களுக்குத் தடையில்லை என்று அரசு சொன்னது. ஆனால் அடுத்த சில நாட்கள் ஆன்லைன் மளிகைத் தளங்களில் டெலிவரி நேரம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

நான் அப்போது டெல்லியில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். அலமாரியில் அரை பாக்கெட் ரவை, ஒரு ஊறுகாய் பாட்டில், இரண்டு நூடுல்ஸ். அவ்வளவுதான். ஒரு ஆப்பில் கூடையை நிரப்பி, பணம் கட்டும் பக்கத்துக்குப் போனால் பாதிப் பொருள் மறைந்திருக்கும். மூன்று நாள் இப்படியே போனது. கடைசியில் கைகொடுத்தது தெருமுனைக் கடைக்காரர்தான். 'லிஸ்ட்டை வாட்ஸ்அப்பில் போடுங்க, இருக்கறதை எடுத்து வெக்கறேன்' என்றார். பத்துப் பொருள் கேட்டேன், ஆறு கிடைத்தது. அந்த ஆறும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பிறகு நம் வாங்கும் பழக்கம் ரொம்பவே மாறிவிட்டது. அன்று வார லிஸ்ட் போட்டவர்கள்கூட இன்று வெங்காயம் இரண்டு, தயிர் ஒன்று என்று நாளுக்கு மூன்று முறை ஆர்டர் போடுகிறோம். சாட்டில் கடை இருக்கிறது, கடையில் பாட் இருக்கிறது. ஆனால் வீட்டில் சரக்கு இருக்கிறதா?

உங்கள் சமையலறையில் ஒரு வாரத்துக்கான உணவு ஏன் இருக்க வேண்டும், அது எவ்வளவு, அவசர நாளில் பேசும் கடைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டில் இருந்த சரக்கு எங்கே போனது?

உங்கள் அம்மாவையோ பாட்டியையோ கேட்டுப் பாருங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் மளிகை வந்து இறங்கும். அரிசி மூட்டையாக இருக்கும். சித்திரை வெயிலில் வடாமும் வத்தலும் காயும், மழைக்காலத்தில் காய்கறி கிடைக்காத நாளில் அதுதான் தொட்டுக்கொள்ள. புளி ஒரு வருடத்துக்குப் பானையில் இருக்கும். இன்னும் முந்தைய தலைமுறையில் நெல்லுக்குக் குதிர் இருந்தது. யாரும் இதை 'எமர்ஜென்சி ஸ்டாக்' என்று சொன்னதில்லை. குடும்பம் நடத்துவது என்றால் அதுதான்.

இன்று அந்தச் சரக்கு உங்கள் வீட்டிலிருந்து 2 அல்லது 3 கிலோமீட்டர் தள்ளி, 'டார்க் ஸ்டோர்' எனப்படும் ஒரு கிடங்கில் இருக்கிறது. வாடிக்கையாளர் உள்ளே வராத கடை அது. சில ஆயிரம் சதுர அடி இடம். ஆப்பில் வரும் ஆர்டரை எடுத்து, பையில் போட்டு, பைக்கில் அனுப்புவது மட்டுமே வேலை. இடம் சின்னது என்பதால் ஒவ்வொரு பொருளும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இருக்கும். பெரிய கிடங்கிலிருந்து வண்டி அடிக்கடி வந்து நிரப்ப வேண்டும்.

சாதாரண நாளில் இது அருமையாக ஓடும். நெருக்கடி நாளில் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஸ்டோரில் 5 கிலோ அரிசிப் பை 100 இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமாக ஒரு நாளைக்கு 40 விற்கும். பதற்றம் வந்தால் மூன்று மடங்கு ஆட்கள் வருவார்கள், அதாவது 120 பேர். ஆளுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு கேட்டால் 240 பை வேண்டும். நூறு பையும் மதியத்துக்குள் காலி. நிரப்ப வர வேண்டிய வண்டியோ வெள்ளத்தில் நிற்கிறது.

சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலே போதும். 2022 செப்டம்பரில் பெங்களூரு வெளிவட்டச் சாலைப் பகுதியில் ஐ.டி. ஊழியர்களை டிராக்டரிலும் படகிலும் ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் செல்போன் சிக்னலும் போய், பாலுக்கு மக்கள் அலைந்தார்கள். 2020 மே மாதம் ஆம்பன் புயலுக்குப் பிறகு கொல்கத்தாவின் பல பகுதிகள் நாள்கணக்கில் மின்சாரமில்லாமல் இருந்தன. இந்த மூன்று இடங்களும் நாட்டின் பெரிய நகரங்கள். 'சிட்டியிலதானே இருக்கோம்' என்ற தைரியம் எங்கே உடைகிறது என்று இப்போது புரிகிறதா?

நாட்டில் அரிசி இல்லையா?

தாராளமாக இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் மோதலின்போது, நாட்டில் உணவுத் தட்டுப்பாடு வரப்போகிறது என்ற செய்திகள் சமூக வலைதளங்களில் பரவின. அவற்றை நம்ப வேண்டாம் என்று மத்திய உணவுத்துறை அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அவர் தந்த கணக்கு: கையிருப்பில் அரிசி சுமார் 356 லட்சம் டன், இருக்க வேண்டிய அளவு 135 லட்சம் டன். கோதுமை சுமார் 383 லட்சம் டன், இருக்க வேண்டிய அளவு 276 லட்சம் டன்.

இரண்டையும் கூட்டினால் சுமார் 739 லட்சம் டன். ரேஷனில் சுமார் 80 கோடி பேருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ என்று வைத்தால் மாதம் 40 லட்சம் டன் தேவை. அந்தக் கையிருப்பு ஒரு வருடத்தைத் தாண்டியும் வரும்.

இந்த இருப்பைப் பராமரிப்பது இந்திய உணவுக் கழகம். 1965-ல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் முதல் மாவட்ட அலுவலகம் திறக்கப்பட்டது நம் தஞ்சாவூரில்தான். அதன் இருப்பு விதிகளில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் உண்டு. ரேஷனுக்காக வைக்கும் தானியம் தனி. எதிர்பாராத நெருக்கடிக்கென்று 30 லட்சம் டன் கோதுமையும் 20 லட்சம் டன் அரிசியும் தனி. அதாவது, நாடே தினசரிச் செலவுக்கு ஒன்று, ஆபத்துக்கு ஒன்று என்று இரண்டு கணக்கு வைத்திருக்கிறது. நம் வீடுகளில்தான் அந்த இரண்டாவது கணக்கு காணாமல் போய்விட்டது.

ஆக, சிக்கல் நாட்டின் கிடங்கில் இல்லை. கிடங்கிலிருந்து உங்கள் அடுப்பு வரைக்கும் உள்ள கடைசிச் சில கிலோமீட்டரில் இருக்கிறது. அந்த இடைவெளியைத் தாங்கத்தான் வீட்டு இருப்பு.

சேர்த்து வைப்பது பதுக்கல் ஆகாதா?

நியாயமான கேள்வி. 2025 மே மாத மோதலின்போது சண்டிகர் நிர்வாகம் அத்தியாவசியப் பொருட்களைப் பதுக்கத் தடை விதித்து உத்தரவே போட்டது. அப்படியென்றால் நாம் வாங்கி வைப்பது தப்பா?

அளவு ஒரு பக்கம். 1955-ம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின்கீழ் அரசு இருப்பு வரம்பு போடுவது பெரும்பாலும் வியாபாரிகளுக்கு. 2025 மே இறுதியில் கோதுமைக்குப் போட்ட வரம்பு மொத்த வியாபாரிக்கு 3,000 டன், சில்லறைக் கடை ஒன்றுக்கு 10 டன். உங்கள் வீட்டு 5 கிலோ எந்தக் கணக்கில் வரும்?

ஆனால் அளவைவிட முக்கியம், எந்த நாளில் வாங்குகிறீர்கள் என்பது.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை நீங்கள் கூடுதலாக 5 கிலோ அரிசி வாங்கினால், கடைக்காரர் அடுத்த லோடில் அதை நிரப்பிவிடுவார். யாருக்கும் குறையாது. அதே 5 கிலோவைப் புயல் எச்சரிக்கை வந்த மாலையில் வாங்கினால், அது வேறு யாரோ ஒருவருடைய பங்கு. அந்த வேறு ஒருவர் யார் என்று யோசியுங்கள். அன்றன்றைய கூலியில் அன்றன்றைக்கு அரிசி வாங்கும் குடும்பம்தான் பெரும்பாலும் அது. அவர்களால் முன்கூட்டியே வாங்கி வைக்க முடியாது. உங்களால் முடியும். மாதச் சம்பளம் வாங்குபவர் முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டு, நெருக்கடி நாளில் வரிசையிலிருந்து விலகி நிற்பதுதான் மற்றவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

இன்னொருவரும் இருக்கிறார். முழங்கால் தண்ணீரில் பைக்கைத் தள்ளிக்கொண்டு உங்களுக்குப் பால் பாக்கெட் கொண்டு வருபவர். வீட்டில் பால் பவுடர் ஒரு டப்பா இருந்தால் அந்த ஆர்டரை நீங்கள் போட வேண்டியதே இல்லை.

சரி, எவ்வளவு வாங்கி வைக்கறது?

ஜப்பான் அரசு தன் மக்களுக்குச் சொல்வது: குறைந்தது 3 நாள், முடிந்தால் ஒரு வாரம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 மார்ச்சில் வெளியிட்ட திட்டத்தில் 72 மணி நேரம் என்றது. ஜெர்மனி 10 நாள் வரை பரிந்துரைக்கிறது. நம் நகரங்களில் வெள்ளம், மின்தடை, திடீர் ஊரடங்கு எல்லாவற்றையும் சேர்த்து யோசித்தால் 7 நாள் ஒரு நல்ல இலக்கு. மூன்று மாதத்துக்கு மூட்டை கட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,000 கலோரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்:

- அரிசி அல்லது ஆட்டா 300 கிராம்: சுமார் 1,050 கலோரி
- பருப்பு 80 கிராம்: சுமார் 270
- எண்ணெய் 30 கிராம்: சுமார் 270
- வேர்க்கடலை 40 கிராம்: சுமார் 225
- வெல்லம் அல்லது சர்க்கரை 40 கிராம்: சுமார் 150

மொத்தம் 1,965. இதை 7 நாள், 2 பேர் என்று பெருக்கினால் அரிசி 4.2 கிலோ, பருப்பு 1.1 கிலோ, எண்ணெய் அரை லிட்டருக்குள், வேர்க்கடலையும் வெல்லமும் தலா அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல். எல்லாம் ஒரு அலமாரியின் ஒரு தட்டில் அடங்கிவிடும். நகர விலையில் தோராயமாக 600 முதல் 800 ரூபாய். வார இறுதியில் இரண்டு பேர் வெளியே சாப்பிடும் செலவுதான்.

இதோடு உப்பு, புளி, மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், டீத்தூள். பிறகு உங்கள் வீட்டுக்கே உரிய பொருட்கள்: குழந்தைக்கான பால் மாவு, சர்க்கரை நோயாளி இருந்தால் அவருக்கு ஏற்ற உணவு, தினசரி மாத்திரைகள், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். கடைசி வரியில் உள்ளவை தீர்ந்தால்தான் உண்மையான ஆபத்து. அதனால் லிஸ்ட்டில் அவற்றை முதலில் எழுதுங்கள்.

தண்ணீரும் அடுப்பும்

உணவுக்கு முன்னால் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லிட்டர் என்றால் ஒரு வாரத்துக்கு 21 லிட்டர். ஆளுக்கு ஒரு 20 லிட்டர் கேன் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போனால் அபார்ட்மெண்ட் மோட்டாரும் ஆர்.ஓ. இயந்திரமும் சேர்ந்தே நின்றுவிடும். வெள்ளத்தின்போது 'சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை' என்ற நிலைமை வருவது இப்படித்தான்.

அடுத்து அடுப்பு. தனியாக வாடகைக்கு இருக்கும் பலரிடம் இண்டக்‌ஷன் அடுப்பு மட்டும்தான் இருக்கும். கரண்ட் இல்லாவிட்டால் 4 கிலோ அரிசி இருந்தும் பயனில்லை. முகவரிச் சான்று இல்லாமலே வாங்கக்கூடிய 5 கிலோ சின்ன சிலிண்டர்களை எண்ணெய் நிறுவனங்கள் விற்கின்றன. இந்தியன் ஆயிலில் அதற்குப் பெயர் 'சோட்டு'. ஹாஸ்டல், பி.ஜி. மாதிரி சிலிண்டருக்கு அனுமதியில்லாத இடமா? அப்படியானால் அடுப்பே தேவைப்படாத உணவில் மூன்று நாளைக்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் இதற்குப் பஞ்சமே இல்லை. அவல் தண்ணீரில் நனைத்தால் போதும், கொஞ்சம் வெல்லமும் வேர்க்கடலையும் சேர்த்தால் ஒரு வேளை சாப்பாடு. பொரி, பொட்டுக்கடலை, பேரீச்சம்பழம், கடலைமிட்டாய் எல்லாம் அப்படியே சாப்பிடலாம். பீகார் பக்கத்தில் சத்து என்று வறுத்த கடலை மாவைத் தண்ணீரில் கரைத்து, உப்பும் எலுமிச்சையும் சேர்த்துக் குடிப்பார்கள். வடமாநில நகரங்களில் இருப்பவர்களுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். வெறும் நூடுல்ஸ் பாக்கெட்டை மட்டும் நம்பாதீர்கள், அதற்கும் வெந்நீர் வேண்டும்.

வண்டு வராமல் வைப்பது எப்படி?

'வாங்கி வெச்சா வண்டு வந்துடும்' என்பதுதான் பலருடைய பயம். அதற்கு ஜப்பானில் ஒரு எளிய வழி சொல்கிறார்கள், 'ரோலிங் ஸ்டாக்'. அவசரத்துக்கென்று தனியாக ஒன்றை வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள். தினமும் சாப்பிடும் பொருளையே கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள், பழையதை முதலில் எடுங்கள், எடுத்த அளவுக்குத் திரும்ப நிரப்புங்கள்.

வீட்டு மொழியில் சொன்னால் 'திறந்தது ஒண்ணு, திறக்காதது ஒண்ணு'. அரிசி, பருப்பு, எண்ணெய் ஒவ்வொன்றிலும் ஒரு பாக்கெட் பயன்பாட்டில், ஒரு பாக்கெட் அலமாரியில். இரண்டாவதைத் திறக்கும் அன்றே லிஸ்ட்டில் எழுதிவிடுங்கள். அவ்வளவுதான் சிஸ்டம். எக்செல் ஷீட் எல்லாம் வேண்டாம் (டேட்டா ஜர்னலிஸ்ட்டே சொல்கிறேன்).

இன்னும் சில விஷயங்கள். வெள்ளை அரிசி ஈரம் படாமல் இருந்தால் நெடுநாள் வரும். தவிடு நீக்காத அரிசியில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். முழுப் பருப்பைவிட மாவு வகைகள் வேகமாகக் கெடும், அதனால் ஆட்டாவைக் குறைவாக வையுங்கள். காற்றுப் புகாத டப்பா, தரையிலிருந்து உயரமான இடம், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம். டப்பாவில் காய்ந்த மிளகாய் போடும் பாட்டி வழியையும் தொடரலாம். தரைத்தளத்தில் வீடு என்றால் மேல் தட்டுதான். 2015 சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை.

இப்போது சாட் கடைகளுக்கு வருவோம்

வீட்டில் இருப்பு இருந்தாலும் ஏதோ ஒன்று தீரும், யாரிடமாவது கேட்க வேண்டிவரும். இன்று நாம் கேட்பது பெரும்பாலும் சாட்டில். மேலே 'ஹாய், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?' என்று ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று வகை உண்டு. எது என்று தெரிந்தால்தான் எவ்வளவு நம்பலாம் என்று தெரியும்.

முதல் வகை, மனிதர் பதில் சொல்வது. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப் 2018-ல் வந்தது. பொருள் பட்டியல், ரெடிமேட் பதில்கள், கடை மூடியிருந்தால் தானாகப் போகும் செய்தி என்று சின்னக் கடைகளுக்கான வசதிகள் அதில் உண்டு. உங்கள் தெருக்கடை பெரும்பாலும் இந்த வகை. 'நன்றி, விரைவில் பதில் அளிக்கிறோம்' என்று வந்தால் அது தானியங்கிச் செய்தி, ஆர்டரை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. கடைக்காரர் கைப்பட 'சரி' என்று போட்டால்தான் ஆர்டர்.

இரண்டாவது, மெனு பாட். '1 அழுத்தினால் மளிகை, 2 அழுத்தினால் புகார்' வகை. பெரிய நிறுவனங்கள் வாட்ஸ்அப்பின் வணிகத் தளத்தோடு தங்கள் கணினியை இணைத்து இதை நடத்துகின்றன. நீங்கள் ஒரு மெசேஜ் அனுப்பினால் அடுத்த 24 மணி நேரத்துக்கு நிறுவனம் உங்களுக்குச் சுதந்திரமாகப் பதில் அனுப்பலாம். அதைத் தாண்டினால் முன்கூட்டியே அனுமதி வாங்கிய வார்ப்புச் செய்தியை மட்டுமே அனுப்ப முடியும். 2022 ஆகஸ்டில் ஜியோமார்ட், வாட்ஸ்அப்புக்குள்ளேயே பொருள் தேடிப் பணம் கட்டும் வரையிலான வசதியைக் கொண்டுவந்தது.

மூன்றாவது, ஏ.ஐ. பாட். நிறுவனங்களின் வெப்சைட் மூலையில் திறக்கும் சாட் பெட்டியில் இப்போது அதிகம் பார்ப்பது இதைத்தான். மனிதரைப் போலச் சரளமாகப் பேசும். நாம் ஏமாறுவதும் அங்கேதான். அடுத்து வரப் பொருத்தமான வார்த்தை எது என்று கணித்துத்தான் அது வாக்கியம் அமைக்கிறது. கடையின் இருப்புக் கணக்கோடு இணைக்கப்படாவிட்டால், 'ஆமாம், கிடைக்கும்' என்று அது சொல்வதற்கும் உண்மையில் அரிசி இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை.

பாட் எதில் நல்லது, எதில் ஆபத்து?

லட்சம் பேர் ஒரே கேள்வியைக் கேட்கும்போது பாட் மிக நல்லது. 2020 மார்ச்சில் மத்திய அரசு 'மைகவ் கொரோனா ஹெல்ப்டெஸ்க்' என்ற வாட்ஸ்அப் பாட்டைத் தொடங்கியது. அறிகுறி என்ன, உதவி எண் என்ன போன்ற கேள்விகளுக்கு அது வரிசையில் நிற்க வைக்காமல் பதில் சொன்னது. பதில் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் அது வேலை செய்தது.

'என் தெருவுக்கு இன்றைக்குப் பால் வருமா?' என்பது அப்படிப்பட்ட கேள்வி இல்லை. பதில் மணிக்கு மணி மாறும். சாலையின் நிலைமை பாட்டுக்குத் தெரியாது. வேலைக்கு வந்த ஆட்கள் எத்தனை பேர் என்றும் தெரியாது.

அது தப்பாகச் சொன்னால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்குக் கனடாவில் ஒரு பதில் கிடைத்தது. ஏர் கனடாவின் வெப்சைட் பாட், துக்க நிகழ்வுக்கான கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணியிடம் தவறான தகவல் சொன்னது. நிறுவனம் பணத்தைத் தர மறுத்தது. பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்றுகூட வாதாடிப் பார்த்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. வெப்சைட்டில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி இழப்பீடு தரச் சொன்னது. அந்தத் தீர்ப்பு இந்தியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ஒரு பாடம் இருக்கிறது: பாட் சொன்னதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அவசர நாளில் சாட்டில் இந்த நான்கை மட்டும் கேளுங்கள்:

- இது இப்போது கையில் இருக்கிறதா?
- என் பின்கோடுக்கு இன்று அனுப்புகிறீர்களா, நான் வந்து எடுக்கணுமா?
- கிடைக்காத பொருளுக்குப் பணம் எப்போது திரும்பும்?
- மனிதரோடு பேச எந்த எண்?

நான்காவதுக்குப் பதில் இல்லை என்றால் முன்பணம் கட்டாதீர்கள். நெருக்கடி நேரத்தில் 'ரேஷன் கிட், முதலில் பணம்' என்று வரும் தெரியாத வாட்ஸ்அப் எண்களுக்கு யு.பி.ஐ.யில் பணம் போடவே போடாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

உங்களுக்கு என்ன உரிமை?

2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பாட்டிடம் சொல்லிவிட்டோம் என்று விட்டுவிடாமல் குறைதீர் அதிகாரியின் மின்னஞ்சலுக்கு எழுதுங்கள். பலன் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

'இன்னும் 2 மட்டுமே பாக்கி!', 'இப்போதே வாங்காவிட்டால் போச்சு!' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் விதிமீறல். 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைப் பட்டியலிடுகிறது. பொய் அவசரமும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் அதில் உண்டு. பதற்றத்தில் இருக்கும் மனசுக்கு அந்தச் சிவப்பு எழுத்து உண்மையாகவே தெரியும். வீட்டில் ஒரு வாரச் சரக்கு இருந்தால் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கலாம்.

நீங்களே கடை நடத்துபவரா?

உங்கள் அப்பாவின் மளிகைக் கடைக்கோ, நண்பரின் ஹோம்மேட் பிசினஸுக்கோ சாட் வசதி அமைத்துக் கொடுத்தவர் நீங்களாக இருக்கலாம். அவசர நாளில் முதலில் தானியங்கி வரவேற்பை மாற்றுங்கள். 'உங்களுக்கு எப்படி உதவட்டும்' என்பதை எடுத்துவிட்டு மூன்று வரி போடுங்கள்: இன்று என்ன இருக்கிறது, எத்தனை மணி வரை திறந்திருக்கும், வீட்டுக்கு எவ்வளவு தருவோம். பாட்டை ஆர்டர் ஏற்க விடாதீர்கள், லிஸ்ட் வாங்க மட்டும் விடுங்கள், உறுதிசெய்வதை மனிதர் செய்யட்டும். 'இல்லை' என்று சீக்கிரம் சொல்லும் கடையை யாரும் மறக்க மாட்டார்கள். என் தெருக்கடைக்காரர் பத்தில் நான்கு இல்லை என்று உடனே சொன்னதால்தான் அந்த நான்கை வேறு இடத்தில் தேட எனக்கு நேரம் கிடைத்தது.

இந்த வாரம் என்ன செய்யலாம்?

இன்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். அலமாரியைத் திறந்து பாருங்கள், ஆப், கடை எதுவும் இல்லாமல் எத்தனை நாள் ஓட்ட முடியும் என்று எண்ணுங்கள். இரண்டு நாள் என்றால் அடுத்த நான்கு வாரத்தில், வழக்கமான ஆர்டரோடு ஒவ்வொரு வாரமும் ஒரு பொருளைக் கூடுதலாகச் சேருங்கள். முதல் வாரம் அரிசி, இரண்டாவது பருப்பு, மூன்றாவது அவலும் வேர்க்கடலையும், நான்காவது தண்ணீர் கேன். தினசரி மாத்திரையும் குழந்தைக்கான உணவும் மட்டும் வரிசைக்குக் காத்திருக்க வேண்டாம், முதல் வாரமே வாங்கிவிடுங்கள்.

கூடவே, பக்கத்துத் தெருக் கடைக்காரரின் எண்ணை வாங்கி போனில் மட்டுமல்லாமல் ஒரு காகிதத்திலும் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். மாதம் ஒரு முறையாவது அவரிடம் ஏதாவது வாங்குங்கள். ஆப்பில் ஸ்லாட் இல்லாத நாளில் அவர் முகம் தெரிந்த ஆளாகத்தான் உங்களைப் பார்ப்பார்.